கணினி ஓவியம்: கற்கும் முறையும் தனிப்பாணியும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், கணவனைப் பிரிந்து அணிகலன்களைக் களைந்து வைத்திருக்கும் அரசியை நக்கீரர் 'புனையா ஓவியம்' போன்றவள் என்று காட்டுகிறார். வண்ணம் தீட்டாமல் கோட்டால் மட்டும் எழுதிய சித்திரம் என்று உரைகாரர் பொருள் விரிப்பார். கோட்டோவியத்துக்கென்று அக்காலத்திலேயே நம் மொழியில் தனிப்பெயர் இருந்தது என்பது இதனால் தெரிகிறது. சுவர், துணி, ஓலை, காகிதம் என்று இடம் மாறி வந்த அந்தக் கோடு இன்று கண்ணாடித் திரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வாறு வந்த கணினி ஓவியத்தை வயதானவர்களும் கற்கலாம் என்பதையும், கற்பவருக்குத் தனக்கென்று ஒரு பாணி எப்படி அமைகிறது என்பதையும் நம் சங்கத்து அன்பர்களுக்கு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

நான் ஓவியன் அல்லன். அகமதாபாதில் முப்பத்தைந்து ஆண்டுகள் சாயப்பொடி வியாபாரம் செய்தவன். 2018இல் கடையை மகனிடம் ஒப்படைத்தேன். எங்கள் சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பது வழக்கம். ஏழு மணிக்கு மேல் கணக்கும் இல்லை, கடையும் இல்லை, கை சும்மா இருந்தது. பேரன் வாங்கி நாலு நாள் விளையாடிவிட்டு மூலையில் போட்டிருந்த வரைபலகை ஒன்று கண்ணில் பட்டது. அப்படித்தான் ஆரம்பம்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022 பொங்கல் மலரில் நான் செய்த ஒரு பிழையை இதே மலரின் பக்கங்களில் திருத்த வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கணினி ஓவியம் என்பது யாது?

கணினியே வரைந்து கொடுப்பது கணினி ஓவியம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நான் சொல்வது அதுவன்று. வரைவது மனிதக் கைதான். தாளுக்குப் பதில் திரை, தூரிகைக்குப் பதில் மின்பேனா, அவ்வளவே வேறுபாடு.

இதன் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்பவர் 1963இல் ஒளிப்பேனாவால் திரைமேல் நேரடியாகக் கோடு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் அமைப்பைச் செய்து காட்டினார். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷௌப் வண்ணத்தில் வரையும் 'சூப்பர்பெயிண்ட்' அமைப்பை உருவாக்கினார். 1984இல் ஆப்பிள் கணினியோடு 'மேக்பெயிண்ட்' வந்து, இந்தக் கலை வீட்டுக்குள் நுழைந்தது. 1990இல் ஃபோட்டோஷாப் வெளியானது. அதில் 1994ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'லேயர்' எனப்படும் அடுக்கு முறை சேர்ந்தது. இன்று வரைபவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது இந்த அடுக்கு முறையைத்தான்.

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆனது. நெசவில் பாவும் ஊடும் குறுக்கிடும் இடங்களில் நிறத்தை மாற்றி மாற்றிப் பூ வேலை கொண்டுவருவதைப் போன்றதே இது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொரு ஒளிக்கும் 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். நான் வியாபாரம் செய்த காலத்தில் சில நூறு நிறத்துணுக்குகள் ஒட்டிய ஷேட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரையே சுற்றி வந்தேன். இங்கே ஒன்றே முக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான ஷேடு! முதல் மாதம் மயங்கிப் போனேன். இந்த மயக்கம் நல்லதன்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மின்பேனாவின் சூட்சுமம் அழுத்தம். பலகை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனா அதை வாங்கித் திருப்பி அனுப்புவதால் பேனாவின் இடமும் அழுத்தமும் கணினிக்குத் தெரிகின்றன. ஆகவே பல பேனாக்களுக்கு உள்ளே மின்கலமே தேவையில்லை. அழுத்தி வரைந்தால் கோடு தடிக்கும், மென்மையாகத் தொட்டால் மெலியும். 2048 படி, 8192 படி என்று பெட்டியின்மேல் போட்டிருப்பார்கள். கற்பவருக்கு 2048 தாராளம்.

சமணனாகிய எனக்கு இதில் தனி நிம்மதி ஒன்றும் இருந்தது. நுண்ணோவியம் எழுதும் தூரிகைக்கு அணில் வால்முடி வேண்டும். அரக்குச் சிவப்பு பூச்சியிலிருந்து வருவது. மின்பேனாவுக்கு எந்த உயிரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு என்னை மடக்க வேண்டாம்!

கருவிகள்

திரையோடு கூடிய விலையுயர்ந்த பலகைதான் வேண்டும் என்பதில்லை. சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் திரையில்லாத பலகையும் வீட்டில் இருக்கும் கணினியும் போதும். கை பலகையில் இருக்கும், கண் திரையில் இருக்கும். முதல் இரண்டு வாரம் இது சைக்கிள் பழகுவது போலத் தடுமாறும், பிறகு தானே படிந்துவிடும்.

மென்பொருளுக்கும் செலவில்லை. 'கிருதா' என்னும் மென்பொருளை உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கூடிச் செய்து இலவசமாகத் தருகிறார்கள். சுவீடன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். ஐபேட் வைத்திருப்பவர்கள் 2011இல் வந்த 'புரோகிரியேட்' செயலியை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எதை எடுத்தாலும் ஓராண்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். கருவி மாற்றுவது வரைவதற்குப் பதிலாகச் செய்யும் வேலையாகிவிடும்.

கருவி எவ்வளவு சாதாரணமாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு சான்றுகள். ஜப்பானில் தத்சுவோ ஹொரியுச்சி என்பவர் பணி ஓய்வு பெறும் வயதில், படமென்பொருளுக்குக் காசு செலவழிக்க மனமின்றி, கணினியில் ஏற்கனவே இருந்த எக்செல் மென்பொருளில் வரைய ஆரம்பித்தார். கணக்கெழுதும் அந்த எக்செல்லில்தான்! மலை, செர்ரிப் பூ, பனி என்று ஜப்பானிய மரபுக் காட்சிகளையே அதில் எழுதினார். 2006இல் எக்செல் ஓவியப் போட்டியில் பரிசும் பெற்றார். அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்ற முதியவர் பார்வை மங்கிய நிலையில், படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மைக்ரோசாஃப்ட் பெயிண்ட்டில் புள்ளி புள்ளியாக வரைந்தார். 2014இல் காலமானபோது அவருக்கு வயது 98. நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

அடுக்கும் நிறமும் அச்சும்

அடுக்கு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தகடுகள். அடியில் பென்சில் கோடு, அதன்மேல் நிறம், அதற்கும் மேல் முடிவுக் கோடு. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது. புதிதாகக் கற்பவர்கள் ஆசையால் முப்பது நாற்பது அடுக்கு போட்டுவிட்டு, எது எங்கே என்று தேடுவார்கள். நானும் தேடியவன்தான். மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள்.

நிறத்தில் முதலில் கற்க வேண்டியது அதன் ஆழம். சாயத் தொழிலில் ஒரு பர்சன்ட் ஷேடு, இரண்டு பர்சன்ட் ஷேடு என்போம். துணியின் எடைக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு சாயம் என்பது கணக்கு. ஒரே சிவப்பு, அளவு ஏற ஏற ஆழமாகும். ஓவியத்திலும் வெளுப்பிலிருந்து கருப்பு வரை உள்ள இந்த ஏற்ற இறக்கம்தான் உருவத்தைத் தாங்குகிறது. படத்தை வண்ணம் நீக்கிச் சாம்பல் நிறமாக மாற்றிப் பாருங்கள். முகம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு மறைந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் நிற்காது.

அடுத்தது அச்சு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அச்சகத்தின் மைகள் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கு. இவற்றுள் மெஜந்தா என்பது முதலில் ஒரு சாயத்தின் பெயர். இத்தாலியில் 1859இல் நடந்த மெஜந்தாப் போரை ஒட்டி அச்சாயத்துக்கு அப்பெயர் வந்தது. ஒளியில் பளீரென்று தெரியும் பச்சையும் நீலமும் மையில் மங்கிவிடும். டியூப்லைட்டில் ஒத்துப்போன துணி வெயிலில் வேறு நிறம் காட்டி, எத்தனை லாட் திரும்பி வந்திருக்கிறது என்று சாயக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அச்சுக்குப் போகும் படத்தை ஒரு தாளில் அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

அளவும் முக்கியம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். ஏ4 தாளுக்கு அது 2480க்கு 3508 புள்ளிகள் ஆகும். வரைய ஆரம்பிக்கும்போதே இந்த அளவைப் போட்டுக்கொள்ள வேண்டும். சிறிதாக வரைந்து பிறகு இழுத்துப் பெரிதாக்கினால், பழைய வேட்டியை இழுத்ததுபோல் இழை தெரியும்.

கைப்பயிற்சி

சித்திரம் கையின் பழக்கத்தால் வருவது என்று ஔவையார் பேரால் வழங்கும் தனிப்பாடல் சொல்கிறது. கருவி மாறினாலும் இது மாறவில்லை. எனக்குப் பயன்பட்ட பயிற்சிகள் நான்கு.

முதலாவது, இரண்டு புள்ளிகள் வைத்து ஒரே இழுப்பில் இணைப்பது. நாளொன்றுக்கு ஐம்பது கோடு. மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கை வர வேண்டும். இரண்டாவது, நீள்வட்டம். சொம்பின் வாயும் குடத்தின் வாயும் நீள்வட்டமே. அது சரியாக வராதவரை எந்தப் பாத்திரமும் தண்ணீர் கொள்ளாது. மூன்றாவது, மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மெல்லியதாக முடியும் கோடு. பேனாவின் அழுத்தம் கைக்குப் பழகுவது இதனால்தான். நான்காவது, வீட்டில் உள்ள ஒரே பொருளைத் தினமும் வரைவது. நான் பூஜை அறையில் இருக்கும் பித்தளைச் சொம்பை நூறு நாள் வரைந்தேன். என் மனைவி, "அந்தச் சொம்புக்கே உங்களைப் பார்த்துச் சலிச்சிருக்கும்" என்றாள்.

இதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கணினியில் 'கண்ட்ரோல் இசட்' என்று இரண்டு பொத்தானை அழுத்தினால் கடைசிக் கோடு அழிந்துவிடும். இது வரமும் சாபமும் ஆகும். அழிக்கலாம் என்று தெரிந்தால் கை யோசிக்காமல் இழுக்கிறது. ஒரு கோட்டை இருபது முறை அழித்து, இருபத்தோராவது முறை தற்செயலாக நன்றாக வந்ததை வைத்துக்கொள்கிறோம். கை ஒன்றும் கற்பதில்லை. பயிற்சி நேரத்தில் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்ட பிறகே எனக்கு முன்னேற்றம் தெரிந்தது.

நான் செய்த பிழை

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 2022 பொங்கல் மலரில் விடியற்காலையில் கோலமிடும் பெண்ணின் படம் ஒன்று என் பெயரில் வந்தது நினைவிருக்கலாம். பலர் பாராட்டினீர்கள். விழாவில் பொன்னாடையும் போர்த்தினீர்கள்.

அந்தப் படம் என்னுடையதன்று. ஓர் இளம் ஓவியரின் படம் எனக்குக் கைப்பேசியில் வந்தது. அதை அடியடுக்கில் வைத்து, மேலடுக்கில் அப்படியே கோட்டை எடுத்தேன். புடவை நிறத்தை மாற்றினேன். வாசலுக்குப் பதில் எங்கள் வந்தவாசிப் பக்கத்துத் திண்ணையைப் போட்டேன். அடியடுக்கை நீக்கிவிட்டேன். அதை நீக்கியதோடு அவருடைய பங்கும் நீங்கிவிட்டது என்று என் மனத்துக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓராண்டு பாடுபட்டுக் கற்றவனுக்கு இது புரியாமல் இல்லை. நன்றாக வரைகிறார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்தது.

நம் சங்கக் குடும்பத்தில் ஓவியம் படிக்கும் பெண் ஒருத்தி, விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மெதுவாக என் அருகில் வந்தாள்.

"தாத்தா, இது அந்த அக்காவோட படம்தானே?"

"இல்லம்மா, புடவை, திண்ணை எல்லாம் நான் போட்டது."

"அதெல்லாம் நீங்க போட்டது சரி தாத்தா. ஆனா கோடு அவங்களோடது."

அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாக உறுத்தியது. அந்த ஓவியரின் முகவரியை அவளிடமே கேட்டு வாங்கி எழுதினேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, என்ன தொகை என்றாலும் தருகிறேன் என்றேன். பதில் வந்தது. "பணம் வேண்டாம் ஐயா. எங்கே உங்க பேர்ல வந்ததோ, அங்கேயே சொல்லிடுங்க" என்று எழுதியிருந்தார். சொல்வதற்கு எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதற்கும் சேர்த்து அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நகல்: கல்வி எது, களவு எது?

இதன் பிறகு நூல்களைப் புரட்டினேன். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை விரதத்துக்கு வரும் குற்றங்களாக ஐந்தைச் சொல்கிறது. திருடனைத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச ஆணையை மீறி வணிகம் செய்தல், கள்ள எடை கள்ள அளவை வைத்தல் ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவது 'பிரதிரூபக வியவகாரம்', அதாவது போலியை அசல் என்று கொடுத்தல். சாயப்பொடியில் உப்பைக் கலந்து விற்றவர்களைப் பார்த்து அந்தச் சூத்திரத்தை நான் எத்தனையோ முறை சொல்லிக்காட்டியிருக்கிறேன். என் படத்துக்கும் அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

அதனால் நகலெடுப்பதே குற்றம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நகலெடுக்காமல் எந்தக் கைத்தொழிலும் வந்ததில்லை. குஜராத்தின் கல்பசூத்திரச் சுவடிகளைப் பாருங்கள். மகாவீரரின் பிறப்பு, துறவு முதலிய அதே காட்சிகளைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். முகம் பக்கவாட்டில் இருக்க, அப்புறத்துக் கண் முகக்கோட்டைத் தாண்டி வெளியே துருத்தி நிற்பது அந்தப் பாணியின் அடையாளம். ஓலையில் தொடங்கி, 14ஆம் நூற்றாண்டை ஒட்டிக் காகிதத்துக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. இந்த நகரத்தின் தேவசானோ பாடோ பண்டாரத்தில் இருந்ததால் அப்பெயர் பெற்ற கல்பசூத்திரம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதில் நடுவிலுள்ள காட்சிகள் மரபுப்படியே உள்ளன. விளிம்புகளிலோ ஆடும் மகளிர், பாரசீக உடை அணிந்த வீரர், கொடி, பறவை என்று ஓவியன் தன் விருப்பம்போல விளையாடியிருக்கிறான். கற்றதை மதித்தவனுக்கு விளிம்பில் சுதந்திரம் கிடைத்தது என்று எனக்குப் படுகிறது.

இங்கே லால்பாய் தல்பத்பாய் அருங்காட்சியகத்தில் இத்தகைய சுவடி ஓவியங்களைப் பார்க்கலாம். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் செல்லுங்கள்.

என் அனுபவத்தில் நகலுக்கு மூன்று விதிகள் போதும். ஒன்று, மேலே வைத்து எடுக்காமல், பக்கத்தில் வைத்துப் பார்த்து வரையுங்கள். மேலே வைத்து எடுத்தால் கைக்கு மட்டும்தான் வேலை, கண் தூங்கிவிடும். பக்கத்தில் வைத்தால் அளவு, சாய்வு, இடைவெளி எல்லாவற்றையும் கண் கணக்குப் போட்டாக வேண்டும். இரண்டு, யாருடைய படம் என்பதை அந்தப் படத்தின் அடியிலேயே எழுதுங்கள். மூன்று, பழகுவதற்காக எடுத்த நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சபைக்குக் கொண்டுவராதீர்கள்.

தனிப்பாணி எங்கிருந்து வருகிறது?

பாணி என்பது ஒரு தூரிகை வகையிலோ மென்பொருளிலோ இருப்பதாகக் கற்பவர் நினைக்கிறார். ஆயிரம் தூரிகை கொண்ட கட்டுகளை விலைக்கு வாங்குகிறார். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 2009இல் ஐபோனிலும் 2010 முதல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். அப்போது அவர் எழுபது கடந்தவர். யார்க்‌ஷயர் நாட்டுப்புறச் சாலைகளில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்து, பெரிதாக அச்செடுத்து, 2012இல் லண்டன் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைத்தார். எண்ணெய் வண்ணத்தில் அவரிடம் இருந்த அதே துணிச்சலான நிறங்கள் ஐபேடிலும் இருந்தன. கருவியை மாற்றினாலும் அவரோடேயே வந்தது எதுவோ அதுதான் அவருடைய பாணி.

எனக்கு இது வேறு வழியில் புரிந்தது. அறுபத்திரண்டு வயதிலிருந்து என் வலது கையில் லேசான நடுக்கம் உண்டு. நீளக் கோடு இழுத்தால் அலைபோல வரும். மென்பொருளில் அதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் மின்சாரம் ஏறி இறங்காமல் இருக்க ஸ்டெபிலைசர் வைக்கிறோம் அல்லவா, அதே பெயர்தான். கை போகும் பாதையைக் கணினி சராசரி எடுத்து, நடுக்கத்தை நீக்கி, வழுவழுவென்று கோடாகத் தரும். கோலமிடும் பெண்ணின் படத்தை நான் அதை முழு அளவில் வைத்துத்தான் எடுத்தேன். அந்தப் பெண் சொன்னதற்குப் பிறகு, என் பழைய படங்கள் பத்தைத் திரையில் ஒன்றாகப் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கோடு அழகாக இருந்தது. யாருடைய கோடாக வேண்டுமானாலும் அது இருக்கலாம்.

ஸ்டெபிலைசரை நிறுத்தினேன். நீளக் கோடு வரவில்லை. ஆகவே கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, ஒரு புள்ளி வைத்து மூச்சு விட்டு, மறுபடி இழுத்தேன். புள்ளிக்குப் புள்ளி கோடு வளைந்து போனது. மார்கழியில் அம்மா வாசலில் புள்ளி வைத்துக் கம்பிக்கோலம் இழுப்பது நினைவுக்கு வந்தது. திட்டமிட்டு வந்ததன்று இது. நீளமாக இழுக்க முடியாத கைக்குக் கிடைத்த வழி அவ்வளவே.

நிறமும் அப்படித்தான் அமைந்தது. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்களில் திண்டாடியவன், பழைய ஷேட் கார்டு ஒன்றை எடுத்து அதில் ஆறு துணுக்குகளை மட்டும் தேர்ந்தேன். அவுரி நீலத்தில் மூன்று ஆழம், மஞ்சிட்டிச் சிவப்பில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. ஆறு மாதம் வேறு நிறம் தொடவில்லை. எல்லை போட்ட பிறகுதான் எந்த நிறத்தின் பக்கத்தில் எது பேசுகிறது என்பது தெரிந்தது.

முகத்தில் கண் மட்டும் நீண்ட நாள் வரவில்லை. இந்த ஊர்க் கோயில்களில் திருமேனிகளுக்குக் கண்களைத் தனியே பதித்திருப்பார்கள், விழி அகன்று நம்மை நேரே பார்க்கும். துருத்திய கண்ணின் ஓவிய மரபே அங்கிருந்து வந்தது என்று கருதுவோரும் உண்டு. முப்பத்தைந்து ஆண்டு பார்த்துப் பழகியதால் என் படங்களிலும் அப்படியே வரைந்தேன், ஆனால் ஒட்டவில்லை. எங்கள் திகம்பர மரபில் அருகன் கண் பாதி மூடித் தாழ்ந்திருக்கும். சின்ன வயதில் பார்த்த அந்தத் தாழ்ந்த இமையை ஒருநாள் வைத்தேன். கோலமிடுகிறவள், கணக்கெழுதுகிறவர், காய் நறுக்குகிறவர், யாராக இருந்தாலும் என் படத்தில் இப்போது கீழே தம் வேலையைப் பார்க்கிறார்கள். காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்தில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளை வரிசை வரிசையாக எழுதி, காட்சியின் அடியில் தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கற்று, நானும் படத்துக்கு அடியில் ஒரு வரி எழுதுகிறேன். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவரிடம் அந்த ஊரின் பெயரைச் சொல்கிறேன்.

ஆகவே, கற்பவர் பாணியைத் தேடி அலைய வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் படங்கள் பத்தைப் பரப்பி வையுங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஒரு வகை வளைவு, ஒரு நிறம், விடுபட்டுப் போகும் ஒரு பொருள் என்று ஏதாவது இருக்கும். அதில் இரவல் வாங்கியது எது என்று நேர்மையாகப் பிரித்துவிட்டால், மிச்சம் உங்களுடையது. அது கொஞ்சமாகத்தான் இருக்கும். என்னுடையது ஒரு புள்ளியும் ஒரு தாழ்ந்த இமையும்தான்.

முடிவுரை

2022 முதல், சொற்களைத் தட்டினால் படம் தரும் மென்பொருள்கள் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்டன. 2025 மார்ச்சில் நம்மில் பலரும் குடும்பப் புகைப்படத்தை ஜப்பானின் ஜிப்லி படக்கூடத்தின் பாணியில் மாற்றி மகிழ்ந்தோம். எனக்கும் நாலு பேர் அனுப்பினார்கள், அழகாகத்தான் இருந்தது. அந்தப் பாணி 1985இல் தொடங்கி அந்தக் கூடத்தில் ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்தவர்கள் சேர்த்த சொத்து. அதன் நிழல் நமக்கு நொடியில் கிடைத்தது. 'இனி எதற்குக் கற்க வேண்டும்?' என்று என் பேரனும் கேட்டான். பித்தளைச் சொம்பை நூறு நாள் பார்த்தவனுக்கு அந்தச் சொம்பு தெரியும், தட்டி வாங்கியவனுக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. சொம்பை எடுத்து அவன் முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். அன்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வரைந்தான்.

இம்மலரில் என் படம் ஒன்று வெளியிடலாம் என்று ஆசிரியர் குழு அன்போடு கேட்டது. இந்த முறை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். 2022 மலர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கோலப் படத்தின் அடியில் உள்ள என் பெயரைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அடுத்த மலருக்கு, அன்பர்கள் அனுமதித்தால், அடியில் ஒரு வரியோடு ஒரு சொம்பு வரைந்து தருகிறேன். கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கும்.